உப்பு படிந்த இன்சுலின் பாட்டில்

உங்கள் டாக்டரம்மா என்னிடம் கேட்டது ஒரே ஒரு பக்கம். "சார், புதுசா சேர்ந்தவங்களுக்கு ஒரு குறிப்பு வேணும். பூனைக்கு சுகர்னா எந்த இன்சுலின் பாட்டில் வாங்கச் சொல்லணும், எங்க வைக்கச் சொல்லணும்னு நீங்களே எழுதிக் குடுங்க" என்றார். ஓய்வுபெற்றவனுக்கு வேறென்ன வேலை, சரி என்று சொல்லிவிட்டேன்.

கேட்டதை முதலில் கொடுத்துவிடுகிறேன். பூனைக்கு ஒரு வேளைக்கு ஒன்றிரண்டு யூனிட்தான் போகும். ஆகவே பெரிய பாட்டில் லாபம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பாதிகூடத் தீராமல் கெட்டுப்போகும், கெட்டது தெரியாமல் போட்டுக்கொண்டிருப்பார்கள். கிடைப்பதில் சிறியதை வாங்கச் சொல்லுங்கள். பாட்டிலில் நாற்பது என்று போட்டிருந்தால் நாற்பது சிரிஞ்ச், நூறு என்றால் நூறு சிரிஞ்ச். மாற்றிப் போட்டால் அளவு தலைகீழாகிவிடும். ஃப்ரிட்ஜில் நடுத்தட்டில் வைக்க வேண்டும். கதவில் வேண்டாம், ஃப்ரீசருக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். ஒருமுறை உறைந்துவிட்டால் இளகிய பிறகும் அது மருந்து இல்லை, தூக்கிப் போடுங்கள். திறந்த தேதியைப் பாட்டில் மேலேயே எழுதுங்கள். பால் போன்ற மருந்து என்றால் உள்ளங்கையில் வைத்து உருட்ட வேண்டும், குலுக்கக் கூடாது.

அவ்வளவுதான். அரைப் பக்கம்கூட வரவில்லை. இதை அவரே எழுதியிருக்கலாம், என்னைவிட நன்றாக எழுதுவார். மிச்சமுள்ள இடத்தில் அவர் கேட்காததை எழுதப்போகிறேன்.

அவர் பெயரை எங்கும் எழுதவில்லை. உங்களுக்கு அவர் டாக்டரம்மா, அது போதும். அவர் இங்கே சேர்ந்தபோது இந்தக் கிளினிக் என்னுடையது. தூத்துக்குடியில் மாட்டையும் ஆட்டையும் விட்டுவிட்டு நாய்க்கும் பூனைக்கும் மட்டும் கிளினிக் வைத்தபோது என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. அந்தச் சிரிப்பையெல்லாம் தாண்டி ஊரில் ஒரு பெயர் எடுத்து, இரண்டாவது அறை கட்டி, அதில் உட்கார ஒரு சின்ன டாக்டர் வேண்டும் என்று தேடி எடுத்தது அவரை. கயத்தாற்றுக்காரர். படிப்பு நல்ல படிப்பு, கை நல்ல கை. முதல் வாரமே தெரிந்தது. தெரிந்ததுதான் வினை.

எங்கள் அறைகளுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு வருவது அப்போதே வழக்கம். முதல் மாதம் என் வாசலில் செருப்பு நிறைந்து கிடக்கும், அவர் வாசலில் ஒன்றோ இரண்டோ. மூன்றாவது மாதம் சரிபாதி. ஐந்தாவது மாதம் என் வாசலை முத்துலெட்சுமி அக்கா தாராளமாகப் பெருக்கலாம் என்று ஆகிவிட்டது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, நான் எண்ணுவேன். தண்ணீர் குடிக்கப் போகிறவன் மாதிரி வெளியே வந்து, இரண்டு வாசலிலும் கிடக்கிற ஜோடிகளை எண்ணிவிட்டுத் திரும்புவேன்.

டோக்கன் கொடுக்கிற முத்துலெட்சுமி அக்காவுக்குச் சூதுவாது தெரியாது. ஒருநாள் என் அறைக்குள் தலையை நீட்டி, "சார், சின்ன டாக்டரம்மாவுக்கு ஆறு பேரு காத்துக்கிட்டு இருக்காங்க. பெரியவர் சும்மாதான் இருக்காரு, அங்க போறியளான்னு கேட்டேன். இருக்கட்டும்னுட்டாங்க" என்றார். அந்த 'இருக்கட்டும்' இரண்டு நாள் என் காதுக்குள்ளேயே கிடந்தது. 'சும்மாதான் இருக்காரு' நான்கு நாள்.

இன்னும் உண்டு. என்னிடம் மூன்று பேர் பிடித்தால்தான் ஊசி போட விடுகிற ஒரு ராட்சச நாய், அவர் மேசைமேல் ஏறிப் படுத்துக்கொண்டு வாலை ஆட்டியது. திருவிழா முடிந்தால் என் மேசைக்கு வருகிற மக்ரூன் பொட்டலங்கள் அடுத்த அறைக்குப் போயின. அவர் அதைப் பிரித்து எனக்கும் ஒரு தட்டில் வைத்து அனுப்புவார். அந்தத் தட்டைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சாப்பிடவும் செய்வேன், எரியவும் செய்யும்.

வீட்டில் என் மனைவி கண்டுபிடித்துவிட்டாள். "என்ன, இன்னைக்கும் அந்தப் பிள்ளை நல்லா வேலை பாத்துட்டோ? மூஞ்சி இப்படி இருக்கு" என்பாள். நான் சோற்றைப் பிசைவேன்.

இப்படி இருக்கையில்தான் சிலுவை அண்ணாச்சி பூனையைத் தூக்கிக்கொண்டு வந்தார். திரேஸ்புரம் கடற்கரையில் மீன் ஏலம் விடுகிறவர். தொண்டை கிழியக் கத்துகிற ஆள், முரட்டு ஆள், ஆனால் அந்தப் பூனை விஷயத்தில் மட்டும் குழைந்துவிடுவார். பூனை அவருடைய ஏலக் கொட்டகையில் வளர்ந்தது. குட்டியாக வந்தபோது ஒல்லியாக இருந்ததால் நெத்திலி என்று பெயர் வைத்தாராம். என்னிடம் வந்தபோது நெத்திலிக்கு எடை ஏழு கிலோ.

"டாக்டரே, இவன் தண்ணியாக் குடிக்கான். குடிச்சிக் குடிச்சி கொட்டகையெல்லாம் மோண்டு வைக்கான். ஆளும் வத்திக்கிட்டே போறான்" என்றார்.

நான் வயிற்றைத் தடவினேன், பல்லைப் பார்த்தேன். "வயசாயிட்டு அண்ணாச்சி. வெயிலு வேற. தண்ணி குடிக்கத்தான் செய்யும்" என்று சத்து டானிக் எழுதிக் கொடுத்தேன். பதினைந்து நாள் கழித்து அவர் மறுபடி வந்தபோது நான் ஒரு நாய்க்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா அடுத்த அறைக்கு அனுப்பிவிட்டார். அங்கே காதில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, ஐந்து நிமிடத்தில் சுகர் என்று சொல்லிவிட்டார் அவர்.

சிலுவை அண்ணாச்சி என் வாசலில் நின்று சொன்னார்: "சுகராம்லா டாக்டரே! எனக்கு வந்த அதே சீக்கு இவனுக்கும் வந்திருக்கு. நீங்க பாக்கலியே?"

கோபமாகச் சொல்லவில்லை. ஆச்சரியமாகத்தான் சொன்னார். அது இன்னும் மோசம். என் பழைய ஆள், எத்தனையோ வருடமாக என்னைத் தவிர யாரிடமும் போகாத ஆள், அன்றிலிருந்து இடது பக்கத்தில், டாக்டரம்மா வாசலில், செருப்பை விட ஆரம்பித்தார்.

அவர் அண்ணாச்சிக்கு ஊசி போடக் கற்றுக்கொடுத்த அழகை நான் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். கயிறு இழுத்துக் காய்த்த விரல்கள், சிரிஞ்ச் அதில் குச்சி மாதிரி இருந்தது. ஒரு ஆரஞ்சுப் பழத்தில் இருபது தடவை போட்டுப் பார்க்கச் சொன்னார். "எனக்கே ஊசி போடணும்னு சொன்னாவ, பயந்துக்கிட்டு மாத்திரையே போதும்னுட்டேன். இவனுக்காவப் படிக்கேன் பாருங்க" என்று அண்ணாச்சி சிரித்தார். அவரும் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பில் பங்கு இல்லை.

பாட்டிலை எங்கே வைப்பது என்ற பேச்சு வந்தது. வீட்டு ஃப்ரிட்ஜில் பூனை மருந்தை வைக்க மருமகள் விடமாட்டாள் என்றார் அண்ணாச்சி. பூனை இருப்பதும் கொட்டகையில்தான், காலையும் மாலையும் ஊசி போடுவதும் அங்கேதான்.

"கொட்டகையில குளிர்ச்சிக்கு என்ன இருக்கு அண்ணாச்சி?"

"என்னம்மா இப்படிக் கேட்டுட்டிய? எங்கிட்ட இல்லாத ஐஸா? மீன் பெட்டி நெறைய கெடக்கு."

"அப்பச் சரி. ஐஸ்லயே இருக்கட்டும்" என்றார் அவர்.

வானம் பார்த்த பூமியில் பிறந்தவர். மீன் பெட்டிக்குள் என்ன இருக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? தூரத்து ஊருக்குப் போகிற மீனுக்கு இங்கே ஐஸோடு கல்லுப்பை அள்ளிப் போடுவார்கள். உப்புப் போட்ட ஐஸ் வெறும் ஐஸைவிடக் குளிர்ந்தது, அதில் எது பட்டாலும் உறையும் என்பது உப்பளத்து ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அண்ணாச்சிக்கும் தெரியும். ஆனால் அவர் கணக்கில் குளிர் கூடினால் சரக்கு நன்றாக இருக்கும். மீனுக்கு நல்லது மருந்துக்குக் கெடுதல் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அந்த நிமிடம் எனக்கும் அது உறைக்கவில்லை. இதுவரை என்மேல் பெரிய குற்றம் ஒன்றும் கிடையாது.

காலை ஒரு யூனிட், மாலை ஒரு யூனிட் என்று ஆரம்பித்தார்கள். ஒரு வாரம் போனது, சுகர் அசையவில்லை. டாக்டரம்மா இரண்டாக்கினார். அப்போதும் அசையவில்லை.

அந்த இரண்டாவது வாரத்தில் அவர் ஒருநாள் லீவு. அன்று பார்த்து அண்ணாச்சி வந்தார், சட்டைப் பையிலிருந்து பாட்டிலை எடுத்து என் மேசைமேல் வைத்தார். "இது நல்ல மருந்துதானான்னு கொஞ்சம் பாருங்களேன். ஒண்ணும் கேக்க மாட்டேங்கு."

பாட்டிலைக் கையில் எடுத்தேன். லேபிள் ஓரம் உரிந்திருந்தது. கழுத்தைச் சுற்றி வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. உள்ளங்கையில் உருட்டினேன். பால் மாதிரி ஒன்றாகக் கலக்க வேண்டிய மருந்து, துணுக்குத் துணுக்காகக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றது. உறைந்து செத்துப்போன மருந்து. தண்ணீரைத்தான் அந்தப் பூனைக்குக் குத்திக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. பத்து வார்த்தையில் சொல்லியிருக்கலாம்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "டாக்டரம்மா நாளைக்கு வருவாங்க. அவங்ககிட்டயே கேளுங்க அண்ணாச்சி" என்று பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தேன். மறுநாள் அண்ணாச்சி பாட்டிலைக் கொண்டுவரவில்லை, அது ஐஸில் பத்திரமாக இருந்தது. டாக்டரம்மாவும் பாட்டிலைப் பார்க்கக் கேட்கவில்லை. "ஐஸ்லதானே வச்சிருக்கீங்க?" என்று மட்டும் கேட்டார். "வேற எங்கன?" என்றார் அண்ணாச்சி. டாக்டரம்மா செய்த தப்பு இது ஒன்றுதான். மூன்று யூனிட்டாக்கினார்.

அன்று மத்தியானம் என் அறைக்கு வந்து உட்கார்ந்தார். "சார், நெத்திலிக்கு ஏன் கேக்கலைன்னு தெரியல. வேற ஏதாவது நோய் கூடச் சேர்ந்திருக்குமா?" முகம் வாடியிருந்தது. என்னிடம் சந்தேகம் கேட்க அவர் வந்து பல மாதம் ஆகியிருந்தது.

"சில பூனை அப்படித்தான்மா" என்றேன். அன்றைக்கு எனக்கு நல்ல பசி. நன்றாகச் சாப்பிட்டேன்.

நாலு யூனிட், அப்புறம் ஐந்து. ஐந்து என்றால் அந்தப் பூனைக்கு மிக அதிகம், மருந்து மருந்தாக இருந்திருந்தால். அவர் புத்தகத்தைப் புரட்டினார், கூடப் படித்தவர்களுக்கு போன் போட்டார். நெத்திலி எலும்பும் தோலுமாக ஆனான். ஏழு கிலோ நாலரைக்கு வந்தது. ஒருநாள் மாலை ஊசி போட்டு முடித்த கையோடு அண்ணாச்சியின் செருப்பு என் வாசலுக்குத் திரும்பி வந்தது.

"டாக்டரே, அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் புரியலை. ஏத்திக்கிட்டேதான் போகுது. செத்துருவான்போல இருக்கு. நீங்க பாருங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார். ஏலக்காரர் குரல் கம்மிப் போயிருந்தது.

எனக்குக் காதில் தேன் பாய்ந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் மற்றதைச் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. ஒரு மனிதர் என் முன்னால் கலங்கி நிற்கிறார், எனக்கு இனிக்கிறது.

என் ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு புதுப் பாட்டிலை எடுத்தேன். என் வழக்கப்படி ஊதா மையில் அன்றைய தேதியை எழுதினேன். "இனிமே இதைப் போடுங்க. ஐஸ்ல வைக்காதீங்க. ஒரு மூடி போட்ட சம்படத்துல போட்டு, தண்ணிப் பானைக்கு அடியில ஈர மணல் இருக்குல்லா, அதுல புதைச்சு வைங்க. எட்டே நாள்ல வித்தியாசம் தெரியும்" என்றேன். பிறகு குரலைத் தாழ்த்தி, "இதை டாக்டரம்மாகிட்ட சொல்ல வேண்டாம், சங்கடப்படுவாங்க" என்றும் சொன்னேன்.

ஐந்து யூனிட்டை ஒன்றாகக் குறைக்கச் சொல்லவில்லை. பிள்ளைகளே, எனக்கு அது தெரியாமல் இல்லை. பரீட்சையில் கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். ஆனால் அந்த நிமிடம் என் மனசில் பூனை இல்லை. எட்டு நாள் கழித்து டாக்டரம்மாவின் முகம் எப்படி இருக்கும் என்பதுதான் இருந்தது. பொறாமை மனிதனைக் கெட்டவனாக்கும் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருக்காதீர்கள். அது முதலில் முட்டாளாக்கும். நம் தொழிலில் அது இன்னும் ஆபத்து.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அண்ணாச்சி புது மருந்தில் ஐந்து யூனிட் போட்டார். பத்து மணிக்கு நெத்திலியை மீன் கூடையில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். கால்கள் வெட்டிவெட்டி இழுத்தன, கண் மேலே செருகியிருந்தது. கிளினிக்கில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். டாக்டரம்மா வெளியே ஓடிவந்து கூடையை அப்படியே வாங்கிக்கொண்டார். ஈறில் தேனைத் தடவினார், நரம்பைத் தேடிப்பிடித்து குளுக்கோஸ் ஏற்றினார். நான் கதவோரம் நின்றேன்.

"நேத்து வரைக்கும் அஞ்சு யூனிட் ஒண்ணுமே செய்யலியே. இன்னைக்கு மட்டும் எப்படி இவ்வளவு இறங்கும்?" என்று தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "சார், உங்களுக்கு ஏதாவது தோணுதா?" என்றார்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். சொல்ல வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தேன், அவர் சொல்லவில்லை. நான் தலையை அசைத்தேன். தெரியவில்லை என்று.

அரை மணி நேரத்தில் பூனை தலையைத் தூக்கியது. அண்ணாச்சிக்குப் பயம் போனது, கோபம் வந்தது. அத்தனை பேர் முன்னாலும் அவரைப் பார்த்துக் கத்தினார். "கொல்லப் பாத்தியளே! ஏத்து, ஏத்துன்னு ஏத்திக்கிட்டே போனா உசுரு தாங்குமா? படிச்சிட்டு வந்திருக்கிய, பூனை மேலயா படிச்சிப் பாக்கிய? இனிமே உங்க கையில குடுக்க மாட்டேன். பெரியவரு பாக்கட்டும்."

டாக்டரம்மா குளுக்கோஸ் குழாயைச் சரிசெய்தார். "என் தப்புதான் அண்ணாச்சி. இனிமே மூணு யூனிட் போதும்னு நினைக்கேன்" என்றார் மெதுவாக.

மூன்று. நல்ல மருந்தில் மூன்று போட்டாலும் நெத்திலி மறுபடி விழுவான். இதைத்தான் கவனிக்க வேண்டும். அவர் போட்ட கணக்கு சரியான கணக்கு, உண்மை தெரியாத காரணத்தால் விடை மட்டும் தப்பு. நான் வாயைத் திறந்தே ஆகவேண்டிய இடம் வந்துவிட்டது. இரண்டு வழி இருந்தது. நடந்ததைச் சொல்வது ஒன்று. இன்னொன்று எனக்கு உடனே வந்தது. முன்னால் போய்ப் பூனையின் தலையைத் தடவி, பெரிய மனிதன் மாதிரி நிதானமாக, "ஒரு யூனிட் போதும். ஆனா இன்னைக்குச் சாயங்காலம் வேண்டாம், நாளைக்கு சுகர் பாத்துட்டு ஆரம்பிப்போம். ராத்திரி வரைக்கும் குளுக்கோஸ் ஓடட்டும்" என்றேன்.

ஒரு யூனிட்டில் நெத்திலி தேறினான். ஊர் மெச்சியது. திரேஸ்புரத்தில் என் பெயர் மறுபடி எல்லார் வாயிலும் புரண்டது. மக்ரூன் பொட்டலம் என் மேசைக்கு வந்தது. நான் ஒரு தட்டில் வைத்து அடுத்த அறைக்கு அனுப்பினேன். என் வாசலில் ஏழு ஜோடி, எட்டு ஜோடி. அவர் வாசலில் ஒன்றும் இல்லை. பொய் சொல்ல மாட்டேன், அந்த மூன்று வாரமும் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

பிறகு ஒருநாள் சுகர் உள்ள இன்னொரு பூனை வந்தது. அதை வைத்திருந்த அம்மா அவர் அறைக்குள் போய்விட்டு உடனே வெளியே வந்து என்னிடம் சொன்னார்: "அந்த டாக்டரம்மா தனக்கு இது சரியா வராதுன்னு சொல்லுதாங்க. உங்களைப் பாக்கச் சொன்னாங்க."

சரியா வராது. என் கிளினிக்கில் அதை அவரைவிட நன்றாகப் பார்க்கிற ஆள் கிடையாது. அன்று சாயங்காலம் ஒரு கவரைக் கொடுத்தார். மாதக் கடைசியோடு நின்றுகொள்வதாகக் கடிதம். ஊரில் மாடு பார்க்கப் போகிறாராம். "அங்க தப்பு பண்ணினா இவ்வளவு பேர் பாக்க மாட்டாங்க சார்" என்று சிரிக்கப் பார்த்தார். அந்தக் கவரை என் மேசை இழுப்பறையில் வைத்தேன். போகட்டும் என்று ஒரு மனசு சொன்னது. அந்த மனசு ரொம்ப சத்தமாகவே சொன்னது.

இரண்டு நாள் கழித்து அண்ணாச்சி வந்து பழைய பாட்டிலைக் கவுன்டரில் வைத்துவிட்டுப் போனாராம். கொட்டகையைச் சுத்தம் செய்தபோது பெட்டியில் கிடந்ததாம். முத்துலெட்சுமி அக்கா அதை டாக்டரம்மாவிடம் கொடுத்திருக்கிறார். அவர் உடனே அக்காவைக் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் திரேஸ்புரம் போயிருக்கிறார். மீன் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறார். மணலில் புதைந்திருந்த புதுப் பாட்டிலையும் வாங்கி வந்திருக்கிறார். இதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் டீ குடித்துக்கொண்டிருந்தபோது வந்து இரண்டு பாட்டிலையும் என் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்றில் உப்பு. ஒன்றில் ஊதா மை.

"சார், இந்தப் பழைய பாட்டிலைப் பாத்தா உங்களுக்கு என்ன தெரியுது?"

இன்னும் ஒரு பொய்க்கு இடம் இருந்தது. வயதும் அனுபவமும் எனக்குத் துணை. ஆனால் டீ டம்ளரைத் தள்ளி வைத்தேன்.

"உறைஞ்ச மருந்து" என்றேன்.

"எப்பத் தெரியும்?"

"நீங்க ரெண்டு யூனிட் போடச் சொல்லியிருந்தப்ப."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. கத்துவார் என்று நினைத்தேன். விரல்விட்டு எண்ணினார். "ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. நாலு வாரம் சார். நான் வந்து உங்ககிட்டயே கேட்டேன்."

"கேட்டீங்க."

"ஏன் சார்?"

வயது அறுபதைத் தொடப்போகிறவன் ஒரு சின்னப் பெண்ணிடம் சொல்ல வேண்டிய வார்த்தையா அது? "பொறாமை" என்றேன். அந்த வார்த்தையை அதற்கு முன் நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை.

உப்புப் படிந்த பாட்டிலைக் கையில் எடுத்தார். "பாட்டிலைக் காட்டச் சொல்லாதது என் தப்பு. அதை நான் எடுத்துக்கிடுதேன். மத்தது உங்களோடது. அண்ணாச்சிகிட்ட நீங்கதான் சொல்லணும்" என்று எழுந்து போனார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. இன்றுவரை சொன்னதில்லை.

மறுநாள் காலை திரேஸ்புரம் போனேன். அண்ணாச்சி ஏலத்தில் இருந்தார். முடியும்வரை மீன் தண்ணியில் நின்றுகொண்டிருந்தேன். நெத்திலி ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து என்னைப் பார்த்தான், ஆறு கிலோ இருப்பான். எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரிஞ்சேவா?" என்றார் அண்ணாச்சி.

"தெரிஞ்சே."

"நான் அந்தப் பிள்ளைய அத்தன பேரு முன்னால பேசுனேன்."

"ஆமா."

"நீங்க பக்கத்துலதான நின்னிய?"

"ஆமா அண்ணாச்சி."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையைக் கழுவினார், சட்டையைப் போட்டார், "வாங்க" என்றார். என் வண்டியின் பின்னால் உட்கார்ந்து வந்தார். கிளினிக்கில் அன்றும் பத்துப் பேர் இருந்தார்கள். இடது அறை வாசலில் நின்று, ஏலம் விடுகிற அதே குரலில், "எம்மா, வெளியே வாங்க" என்றார். அவர் வந்தார். "அன்னைக்குப் பேசுனது நானு. பேச வச்சது இவரு. மருந்து கெட்டுப் போச்சுன்னு இவருக்கு முன்னாலயே தெரியும். என்னைய மன்னிச்சிருங்க. இவரு சங்கதியை நீங்க பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

பத்துப் பேரும் என்னைப் பார்த்தார்கள். முத்துலெட்சுமி அக்காவும் பார்த்தார். "அவர் சொன்னது உண்மைதான்" என்றேன். நான் அன்று பேசியது அவ்வளவுதான். அன்றிலிருந்து அண்ணாச்சி என்னை டாக்டரே என்று கூப்பிட்டதில்லை. சார் என்பார்.

கடிதத்தை டாக்டரம்மா திருப்பிக் கேட்கவில்லை. நானும் கிழிக்கவில்லை. மாதக் கடைசி வந்தது, போனது, அவர் போகவில்லை. அதற்குப் பதிலாக ஒரு கட்டுப் பச்சை அட்டை அச்சடித்து வந்தது. நீங்கள் தினமும் சலித்துக்கொள்கிற அதே அட்டை. ஒரு இன்சுலின் பாட்டிலுக்கு இவ்வளவு எழுத வேண்டுமா, எங்கே வைக்கிறார்கள் என்று போட்டோ வேறு வாங்க வேண்டுமா, பாட்டில் மாறினால் இரண்டு டாக்டரும் கையெழுத்துப் போட வேண்டுமா என்று நீங்கள் பேசிக்கொள்வது எனக்கும் எட்டியிருக்கிறது. அது ஏன் வந்தது என்று அவர் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார். என்னிடம் ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார், அவ்வளவுதான். நான் எதை எழுதுவேன் என்று பார்க்கிறாரோ என்னவோ.

முதல் அட்டை நெத்திலியுடையது. கீழ்த்தட்டில் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். முதல் வரி அவர் கையெழுத்தில்: வைத்த இடம், மீன் பெட்டி, உப்பு ஐஸ், பாட்டிலைப் பார்க்கவில்லை. தன் தப்பைத் தானே எழுதியிருக்கிறார். இரண்டாவது வரியைக் காலியாக விட்டு, "சார், இதை நீங்க எழுதணும்" என்று என் முன்னால் வைத்தார். அதே ஊதா மையில் எழுதினேன்: புதுப் பாட்டில் கொடுத்தவர், நான். அளவைக் குறைக்கச் சொல்லவில்லை. சக மருத்துவரிடம் தெரிவிக்கவில்லை.

அதற்குப் பிறகு பொறாமை தீர்ந்துவிட்டது என்று எழுதினால் இந்தக் கட்டுரை அழகாக முடியும். தீரவில்லை. அந்த முதல் வரியை எழுதிய மனசின்மேல் எனக்குப் புதிதாக ஒரு பொறாமை வந்தது. என்னால் அப்படி முந்திக்கொண்டு எழுத முடிந்திருக்காது. கிளினிக்கை அவர் பொறுப்பில் கொடுத்தபோதும் எரிந்தது, கொடுத்தேன். உங்களில் யாருக்காவது பக்கத்து அறையைப் பார்த்து எரிந்தால், எரியட்டும், அதைத் தடுக்க எனக்கு வழி தெரியாது. அட்டையை மட்டும் எழுதிவிடுங்கள். அளவைச் சொல்லிவிடுங்கள்.

இதைக் கொடுக்க இன்று காலை வந்தேன். முத்துலெட்சுமி அக்கா டோக்கன் கொடுத்து உட்காரச் சொன்னார். என்னுடையதாக இருந்த வலது அறை பூட்டியிருக்கிறது. இடது வாசலில் கிடந்த செருப்புகளை எண்ணினேன். பதினொரு ஜோடி. அதில் ஒன்று என்னுடையது.